ஊருக்குப் போகும் வழியில் வானம்

புது தில்லியில் கோல் மார்க்கெட் என்றொரு பகுதி உண்டு. 1921-ஆம் ஆண்டில் எழுந்த வட்டமான அங்காடிக் கட்டடம் ஒன்றினால் அதற்கு அப்பெயர் அமைந்தது. சுற்றிலும் மைய அரசு ஊழியர்களின் குடியிருப்புகள். அருகே மந்திர் மார்க்கில் தமிழ்ப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி. தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்திருக்கின்றன. அக்குடியிருப்புகளில் ஒன்றில் இருப்பவள் நான். அரசாணைகளையும் சுற்றறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது என் தொழில். கலைப் பட்டதாரியாகிய எனக்கு வானநூலில் பயிற்சி கிடையாது. ஆயினும் வானத்தைப் பற்றிய இடங்களைக் காண வேண்டும் என்னும் ஆசை இளமை முதலே உண்டு.

அந்த ஆசைக்கு வித்திட்டவர் என் தந்தையார். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் மாலை, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து நம் நாட்டு மண்ணின் முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது. அது மேலே சென்று சோடிய ஆவியை உமிழ்ந்தது. அந்தி வானத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மேகம் படர்ந்தது. அப்போது பள்ளி மாணவராயிருந்த என் தந்தையார், திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் குளக்கரையில் நின்று அதைக் கண்டார். என்ன தீங்கு வருமோ என்று பெரியவர்கள் அஞ்சினர் என்றும், காரணம் பிறகுதான் தெரிய வந்தது என்றும் அவர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். தும்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். இருந்த இடத்திலிருந்து நான்கு மணி நேரப் பயணந்தான். என்றாலும் பள்ளி ஆசிரியர் வருவாயில் ஐந்து பேருக்குச் சோறிட்ட அவருக்கு அது கைகூடவில்லை. அவர் மறைந்த பின்னர் அவ்விருப்பம் என் கடனாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, சிறு பணப்பையுடன் தனியே இத்தகைய பயணம் செல்லும் வகை யாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. என் அனுபவத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானத்தைக் காணத் தனியாக ஒரு பயணம் வகுக்க வேண்டா. ஆண்டுதோறும் நாம் ஊருக்குப் போகும் வழியிலேயே அது இருக்கிறது.

இதை எனக்குக் கற்பித்தது கோல் மார்க்கெட்டிலிருந்து அரைமணி நடையில் உள்ள ஜந்தர் மந்தர். 1724-ஆம் ஆண்டை ஒட்டி, மன்னர் சவாய் ஜெய்சிங் அமைத்த வானாய்வுக் கூடம் அது. ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஊர்களிலும் அவர் இவ்வாறு அமைத்தார். மதுராவில் இருந்தது அழிந்துபோயிற்று. தில்லியில் சாம்ராட் யந்திரம் என்னும் பெரிய முக்கோணச் சுவர் ஒன்று உண்டு. அதன் சாய்ந்த விளிம்பு வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிற்கும். சாய்வின் அளவு தில்லியின் அட்சரேகை. அதாவது ஏறக்குறைய 28½ பாகை. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ அதே உயரத்தில்தான் தில்லியில் காணப்படும்.

அச்சுவரின் அடியில் நின்று ஒரு சிறு கணக்குப் போட்டேன். தில்லியிலிருந்து தெற்கே போகப் போகத் துருவன் தாழ்வான். சென்னையில் அவன் உயரம் 13 பாகை. எங்கள் திருநெல்வேலியிலோ 9 பாகைக்கும் குறைவு. தென்வானத்து அகத்தியன் இதற்கு நேர்மாறாக உயர்வான். சிரியஸுக்கு அடுத்தபடியாக இரவு வானத்தில் ஒளி மிக்க விண்மீன் அது. தில்லியில் அது உச்சத்தில் நிற்கும்போதும் 9 பாகையை எட்டாது. குளிர்காலத்துப் புகையிலும் பனியிலும் கண்ணுக்குப் படுவது அரிது. சென்னையில் அதன் உயரம் 24 பாகை; திருநெல்வேலியில் ஏறக்குறைய 28½ பாகை. தில்லியில் துருவன் நிற்கும் உயரத்தில் எங்கள் ஊரில் அகத்தியன் நிற்கிறான். தில்லியில் அகத்தியன் நிற்கும் உயரத்தில் எங்கள் ஊரில் துருவன் நிற்கிறான். வடக்கே போனவர் வந்தவர் எல்லாரும் ஆண்டுதோறும் கடக்கும் தூரம் இது. கடந்த தூரத்தை வானத்திலேயே அளந்து பார்க்கலாம் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இனிப் பணத்தின் விஷயத்துக்கு வருவோம். எனக்கு வாய்த்தவை மூன்று வழிகள்.

முதலாவது, மைய அரசு ஊழியர்க்கு உரிய விடுப்புப் பயணச் சலுகை. நான்காண்டுத் தொகுதிகளாக அது கணக்கிடப்படும். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி. அதையடுத்தது 2026 முதல் 2029 வரை. ஈராண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வரலாம். நான்காண்டில் ஒருமுறை, ஊர்ப்பயணம் ஒன்றற்கு ஈடாக, இந்தியாவில் விரும்பிய இடத்துக்குப் போகலாம். கட்டணம் மட்டுமே கிடைக்கும். உள்ளூர்ச் செலவும் தங்கும் செலவும் நம்முடையவை. குறுகிய நேர்வழிக்கு உரிய கட்டணத்துக்கு மேல் கிடைக்காது. நான் ஊர்ப்பயணத்தையே தேர்ந்தேன். தில்லியிலிருந்து திருநெல்வேலி வரை சலுகை. வழியை விட்டு விலகும் சிறு தூரங்களுக்கு என் பணம்.

இரண்டாவது, யாவர்க்கும் பொதுவானது. ஆனால் பலர் அறியாதது. நம் ரயில்வேயில் தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கு உரிய கட்டணம் குறைந்துகொண்டே போகும். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சீட்டு உடையவர் வழியில் இறங்கி, இரண்டு நாள் தங்கி, அதே சீட்டில் பயணத்தைத் தொடரலாம். முதல் இறக்கம் 500 கிலோமீட்டர் கடந்த பின்னரே ஆக வேண்டும். 1,000 கிலோமீட்டர் வரை ஒருமுறையும், அதற்கு மேல் இருமுறையும் இறங்கலாம். எங்கே இறங்கப் போகிறோம் என்பதைச் சீட்டு வாங்கும்போதே சாளரத்தில் சொல்லிவிட வேண்டும். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தாது. புறப்பட்ட இடத்துக்கே வேறு வழியாகத் திரும்புவோர்க்குச் சுற்றுப் பயணச் சீட்டு என ஒன்றும் ரயில்வே விதிகளில் உண்டு; அதில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். தில்லி, சென்னை, மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம், மீண்டும் தில்லி என வகுத்தால் அது ஒரு சிறந்த வட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இருக்கையை முன்பதிவு செய்து கொள்ள வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

மூன்றாவது, இக்காலத்தில் எல்லாரும் பேசும் பயணப் புள்ளிகள். இங்கே ஓர் உண்மையை ஒளியாமல் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாக நான் பலமுறை விமானத்தில் சென்றுவர நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் விமான நிறுவனம் என் பெயரில் புள்ளிகளை வரவு வைத்தது. ஒரு நாள் கணக்கைத் திறந்து பார்த்தேன். திருவனந்தபுரத்துக்கு ஒருவழிச் சீட்டு பெறப் போதுமான புள்ளிகள் சேர்ந்திருந்தன. “உங்கள் பெயரில் இருப்பதுதானே? எடுத்துக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?” என்றார் உடன் பணிபுரியும் நண்பர். அவர் சொன்னதில் தவறு இருப்பதாகவே எனக்கு அப்போது தோன்றவில்லை. விமானத்தில் அமர்ந்து உடம்பு நொந்தவள் நான். வீட்டை விட்டுப் பிரிந்தவளும் நான்.

ஆனால், ஆணைகளைச் சொல் சொல்லாகப் படிப்பது என் தொழில். 2017-ஆம் ஆண்டு ஜூலையில் நிதியமைச்சகம் வெளியிட்ட பயணப்படி ஆணை இதைத் தெளிவாகவே சொல்லுகிறது: அலுவல் பயணச் சீட்டுகளால் கிடைத்த புள்ளிகளை அத்துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும், தனிப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறைவழி நடவடிக்கை வரும். இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நடவடிக்கைக்கு அஞ்சியதும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அச்சத்தைவிட வேறொன்று உறுத்திற்று. தும்பாவைக் காண ஆசைப்பட்டவர், பள்ளியின் சுண்ணக்கட்டி ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத ஆசிரியர். அவருடைய விருப்பத்தை அந்தச் சீட்டில் நிறைவேற்ற என் மனம் ஒப்பவில்லை. புள்ளிகளின் கணக்கை எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். அதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எழுத்தர் ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அடுத்த அலுவல் பயணத்துக்கு அப்புள்ளிகளே பயன்பட்டன. அத்துடன் அது முடிந்தது.

பிறகு எனக்கே உரிய புள்ளிகளைச் சேர்க்கத் தொடங்கினேன். ரயில் சீட்டு விற்கும் நிறுவனமும் வங்கியும் கூடி வழங்கும் கடனட்டை ஒன்றைப் பெற்றேன். அதில் ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் மதிப்பு. குளிர்பதன வகுப்புச் சீட்டு வாங்கினால் மிகுதியாகச் சேரும். தாயாருக்கும் உடன்பிறந்தாருக்கும் எப்படியும் எடுக்க வேண்டிய சீட்டுகளை அந்த அட்டையிலேயே எடுத்தேன். ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பின், வழிவிலகும் தூரங்களுக்கான சீட்டுகள் புள்ளிகளிலேயே கிடைத்துவிட்டன. இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. புள்ளி சேர்ப்பதற்காகவே பொருள் வாங்குபவர் நெய்க்காக வீட்டை அடகு வைப்பவரை ஒப்பர். அட்டைக்குரிய ஆண்டுக் கட்டணத்தைக் கழித்த பின்னரே ஆதாயத்தைக் கணக்கிட வேண்டும். குறித்த நாளில் முழுத் தொகையையும் செலுத்தாவிட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேலும் வட்டி ஏறக்கூடும். பல மாதப் புள்ளிகள் ஒரே மாதத்தில் கரைந்துபோகும்.

பணத்தைப் போலவே நாளையும் திட்டமிட வேண்டும். ராக்கெட் ஏறுவதைக் காண விரும்புவோர்க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-ஆம் ஆண்டு முதல் பார்வையாளர் மாடம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள தீவு அது. சூலூர்ப்பேட்டையில் இறங்கிப் போக வேண்டும். முன்னதாகப் பெயரைப் பதிவு செய்துகொள்ளாமல் அங்கே இடம் கிடைக்காது. ஆனால், ராக்கெட் நம் விடுப்பை அறியாது. 2019 ஜூலை 15-ஆம் நாள் ஏற வேண்டியிருந்த சந்திரயான்-2, புறப்பட ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது நிறுத்தப்பட்டு, 22-ஆம் நாள்தான் ஏறிற்று. பதினைந்தாம் நாளுக்கென்று வந்து பதினாறாம் நாளுக்குத் திரும்புசீட்டு எடுத்திருந்தவர்கள் நிலை என்னவாகியிருக்கும்? ஒரு வாரம் சென்னையில் உறவினர் வீட்டில் தங்க இயலுமானால் மட்டுமே ராக்கெட்டைக் குறிவையுங்கள். எனக்கு அது இயலவில்லை. ஆகவே அதை விட்டேன். ஒருமுறை, வேறோர் ஊரில், வார விடுமுறை நாளில் கோளரங்கம் ஒன்றின் பூட்டிய கதவின் முன்னே போய் நின்றேன். கேட்டறியாமல் போனது என் பிழை. அன்று முதல், புறப்படும் முன் ஒவ்வோர் இடத்தின் விடுமுறை நாளையும் குறித்துக்கொள்கிறேன்.

தனியே போவதில் உள்ள இடர் வேறு. நால்வர் ஒரு வாடகை வண்டியில் பகிர்ந்து கொள்ளும் செலவைத் தனியாள் முழுதும் சுமக்க வேண்டும். ஆகவே, பேருந்து போகும் இடங்களே தனியாளுக்கு உகந்தவை. வாணியம்பாடிக்கு அப்பால் சவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே உள்ளது. கணித மேதை இராமானுசனின் பெயர் தாங்கிய சிறுகோள் 1988-இல் கண்டறியப்பட்டதும் அங்கேதான். அதைக் காண எனக்குப் பேராவல். ஆனால் விண்மீன் பார்ப்பது இரவில். இரவில் மலையிலிருந்து தனியே திரும்ப எனக்குத் துணிவில்லை. நண்பர் குழு அமையும் நாளுக்கென அதை ஒதுக்கி வைத்தேன். தங்குவதற்கு ரயில் நிலைய ஓய்வறைகளையே நாடினேன். பயணச் சீட்டின் எண்ணைக் கொண்டே அவற்றை முன்பதிவு செய்யலாம். இரவில் புது ஊரில் போய் இறங்காதபடி வண்டிகளைத் தேர்ந்தேன்.

புறப்படும் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது, “ஏளா, ஒத்தையிலயா போறே?” என்று தாயார் கேட்டார். “அகத்தியர் துணைக்கு வாராருல்லாம்மா!” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அதையே அனுமதி எனக் கொண்டேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரம். சென்னையில் நான் தேடிச் சென்றது நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தினுள் நிற்கும் ஒரு கருங்கல் தூண். 1792-ஆம் ஆண்டில் அங்கே எழுந்த சென்னை வானாய்வுக் கூடத்தின் எச்சம் அது. கூடம் போய்விட்டது, தூண் நிற்கிறது. வருங்காலத்தவர் அறிய வேண்டும் என்று லத்தீனிலும் தமிழிலும் தெலுங்கிலும் அதில் செய்தி பொறித்தார்கள். ஒரு செய்தியைப் பல மொழிகளில் கல்லில் ஏற்றிய அந்தப் பெயர் தெரியாத மொழிபெயர்ப்பாளரை நினைத்து மனத்துள் வணங்கினேன். அக்கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல், ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். உதவியாளராக இருந்தவர் அவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து, கொடை ரோடு நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் கொடைக்கானல் சேர்ந்தேன். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக் கூடம் அங்கே உள்ளது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று அறிய எழுந்த ஆவலும் அதன் தோற்றத்துக்கு ஒரு காரணம். வானத்தை நோக்கிய அந்தக் கண்ணின் பின்னே பட்டினி கிடந்த வயிறு இருந்தது எனலாம். கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் அங்கேதான் கண்டார். நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஊர். இரண்டு நாள் தாயாருடன் இருந்துவிட்டு, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் சென்றேன். அந்தச் சீட்டுத்தான் புள்ளிகளில் வாங்கியது. தும்பா ஒரு சிறிய கடற்கரையூர். பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் ராக்கெட் ஏவுவதற்கு விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தார். மீனவ மக்கள் தங்கள் வீடுகளை விட்டு இடம் பெயர்ந்தனர். தொழுதுவந்த புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையும் கொடுத்தனர். ஆலயமே முதல் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் முனைப்பகுதியைச் சைக்கிளின் பின்னே வைத்துக் கொண்டுபோகும் அக்காலப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று அந்த ஆலயம் விண்வெளி அருங்காட்சியகம். உயர்ந்த கூரையின் கீழ் ராக்கெட் மாதிரிகள் நிற்கின்றன. இடம்பெயர்ந்து வாழ்பவளாகிய எனக்கு, ராக்கெட்டுகளைவிட, இடம்பெயர்ந்து வழிவிட்ட அம்மக்களின் நினைவே அங்கே மேலோங்கிற்று. வாசலில் நின்று கிழக்கே திரும்பிப் பார்த்தேன். மலைகளுக்கு அப்பால் எங்கள் குளக்கரை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் அங்கிருந்து இப்பக்கம் நோக்கி நின்றிருந்தான்.

மறுநாள் ஊர் திரும்பினேன். இரவு ஒன்பதரை மணியளவில் தாயாரை மாடிக்கு அழைத்துச் சென்றேன். அகத்தியன் தெற்கே உயர்ந்து நின்றான். கையை நீட்டி விரல்களால் அளந்து, “தில்லியில் துருவன் இவ்வளவு உயரத்தில் நிற்பான், அம்மா” என்று காட்டினேன். தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்போ நீ அவ்வளவு தூரத்துலயா இருக்கே?” என்றார்.

நேயர்களே, அடுத்த முறை ஊருக்குச் சீட்டு எடுக்கும்போது, வழியில் உள்ள ஓரிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இயலாவிட்டால், மாசி மாதத்து இரவொன்றில் மாடிக்குப் போய் அகத்தியனையாவது பாருங்கள். அதற்குப் புள்ளிகள் வேண்டா.